முட்டுக்கட்டை

ஊரில் ஒருவனை 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்றால் திட்டு. திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருவிழாவின் 7ஆம் நாள், மாட வீதியில் அது வித்தை. அன்று ஐந்து தேர்கள். அம்மன் தேரை இழுப்பது பெண்கள், சண்டிகேஸ்வரர் தேரைச் சிறுவர்கள். எல்லார் கண்ணும் வடத்தின் மேல், எனக்குச் சக்கரத்தடிதான்.

வடம் இழுக்கும், நிறுத்தாது. பெரிய தேர் ஒருமுறை அசைந்துவிட்டால், இழுப்பவர்கள் நின்றாலும் அது நிற்காது. சக்கரத்தோடு குனிந்தபடியே நடந்து வருகிறவர், ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய கட்டையை அதன் முன்னால் செருகுகிறார். சக்கரம் மேலே ஏறப் பார்த்து, முனகிக்கொண்டு நிற்கிறது. நேராக வைத்தால் நிற்கும். கொஞ்சம் சாய்த்து வைத்தால் சக்கரம் வழுக்கி, தேர் திசை மாறும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஒரே கட்டை! கையை இழுக்க அரை நொடி பிந்தினால் விரல் போச்சு.

திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக்கே பொருத்திக் கொடுத்தது. அங்கும் முட்டுக்கட்டைக்காரர்களுக்கு ஓய்வில்லை.

திருவண்ணாமலையில் தேர் நிலைக்கு வந்ததும் ஒரு கட்டையைத் தொட்டுப் பார்த்தேன். விளிம்பு நார்நாராகப் பிய்ந்து, இன்னும் சூடாக இருந்தது.