'ஆயினும்' என்னும் ஒரு சொல்

கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பகுதி மாணவர்கள் எழுதும் மீலாது விழாக் கட்டுரைகளைத் திருத்தும் பொறுப்புப் பல்லாண்டுகளாக நம்மிடம் உள்ளது. ஹஜ்ரத் பிலால் (ரலி) பற்றிய கட்டுரைகள் உருக்கமானவை. எனினும், எல்லாவற்றிலும் ஒரு கருத்துத் தவறாமல் தலைகாட்டும்: 'கருநிறத்தவராயினும் தூய உள்ளத்தவர்.' மாணவரைக் குறைகூற மாட்டோம். நம் மேடைகளும் ஏடுகளும் கற்பித்த பாடம் அது.

இந்த 'ஆயினும்' எதற்கு? வெண்ணிறத் தோழர் எவரையும் 'வெண்ணிறத்தவராயினும்' என்று நாம் எழுதுவதில்லை. கருமையைக் குற்றமென ஒப்புக்கொண்டு, பின்னர் மன்னிக்கும் சொல் இது.

முன்னோர் இந்நோயை மறைக்கவில்லை. கி.பி. 630இல் மக்கா வெற்றியன்று, உமையாவின் அடிமையாகச் சுடுமணலில் வதைபட்டிருந்த பிலால் (ரலி) கஃபாவின் மீதேறிப் பாங்கு சொன்னார்கள். குறைஷியர் சிலர் அவர்களின் நிறத்தை இகழ்ந்ததைத் தஃப்ஸீர்கள் பதிவு செய்துள்ளன. அபூதர் (ரலி) ஒருவரைத் தாயைச் சொல்லிப் பழித்தபோது, அறியாமைக் காலக் குணம் அவரிடம் எஞ்சியிருப்பதாகப் பெருமானார் (ஸல்) கண்டித்ததைப் புகாரியில் ஓதுகிறோம்.

9ஆம் நூற்றாண்டில் பஸராவின் அல்ஜாஹிள், வெள்ளையரைவிடக் கருப்பர்க்குள்ள பெருமைகளைக் கூற ஒரு தனி நூலே எழுதினார். லுக்மானையும் பிலாலையும் போற்றும் அந்நூல், அபிசீனியரோடும் ஸன்ஜியரோடும் ஹிந்த் நாட்டவரையும் கருப்பர் வரிசையில் வைக்கிறது. ஆம், நம்மையுந்தான்! பிலாலுக்காக நாம் கேட்கும் மன்னிப்பு நமக்காகவும் கேட்பதே.

நிறத்தால் வந்த இழிவுக்குப் பிறப்பால் வந்த இழிவு உடன்பிறப்பு. சேக்கிழார் காட்டும் நந்தனார், தீயில் மூழ்கிப் பூணூல் அணிந்த முனிவராக எழுந்த பின்னரே தில்லைக் கோயிலுள் செல்கிறார். அதுவும் ஓர் 'ஆயினும்'தான். அதே சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயராலேயே ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டார். அங்குப் பிள்ளைகள் வேறு உருவெடுக்க வேண்டியிருக்கவில்லை.

அயலாரைச் சுட்டும் விரலை நம் பக்கமும் திருப்புவோம். பெண் பார்த்துத் திரும்புகையில், 'நிறம் கொஞ்சம் மட்டு. ஆனாலும் குணவதி' என்கிறோமே! மாணவரின் ஏட்டுக்கு அச்சொல் நம் கூடத்திலிருந்தே செல்கிறது.

உமர் (ரலி) பிலாலை 'ஸய்யிதுனா', நம் தலைவர், என்றார்கள். அதில் 'ஆயினும்' இல்லை. இவ்வாண்டுக் கட்டுரைகளில் அச்சொல்லை நாம் சிவப்பு மையால் அடிக்கப்போகிறோம். பெற்றோர் வீட்டில் அடிக்கட்டும்.