ரெஜினாவை மட்டும் ஏன் மன்னிக்க மாட்டோம்?

ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய ஒரகடம் பக்கம் 'சுழல்' தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால், அதன் முதன்மைப் பாத்திரங்களான சக்கரையோ நந்தினியோ முதலில் வருவதில்லை. "அந்த லேடி இன்ஸ்பெக்டர் இருக்காங்களே..." என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அடுத்து வருவது வசை. முதலாளி பக்கம் சாய்ந்தவள், தொழிலாளியை அடித்தவள், பெற்ற பிள்ளையின் மனசு தெரியாதவள். கடைசிக் குற்றச்சாட்டைச் சொல்லும்போது மட்டும் குரல் ஒரு படி ஏறுகிறது. ஸ்ரீயா ரெட்டி நடித்த ரெஜினா தாமஸுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்துமா என்று பார்க்கத்தான் இந்த அலசல். கதையின் முடிச்சுகள் சில இங்கே அவிழும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

புஷ்கர்–காயத்ரி உருவாக்கி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய முதல் சீசன் 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் வெளியானது. எட்டு எபிசோடு. சாம்பலூர் என்றொரு கற்பனை ஊர், அங்கே ஒரு சிமென்ட் ஆலை, ஆலைத் தொழிலாளர்களின் போராட்டம். சங்கத் தலைவர் சண்முகமாகப் பார்த்திபன். மயானக் கொள்ளைத் திருவிழா நேரத்தில் தொழிலாளர்கள் மீது தடியடி விழுகிறது, ஆலை எரிகிறது, சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமல் போகிறாள். தடியடி நடத்திய ரெஜினா, ஆலை முதலாளியோடு கைகோத்தவர் என்பது பிறகு தெரிகிறது. ரெஜினாவின் மகன் அதிசயமும் நிலாவும் காதலித்தவர்கள் என்பது அதற்கும் மேலான அடி. எதிரெதிரே நின்ற இருவரும் கடைசியில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோராக ஒரே பக்கம் வந்து நிற்கிறார்கள்.

இந்தக் கதையை வேறு ஊரில் உட்கார்ந்து பார்ப்பதும் ஸ்ரீபெரும்புதூரில் உட்கார்ந்து பார்ப்பதும் ஒன்றல்ல. ஆலை மூடினால் என்ன ஆகும் என்று இங்குள்ளவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. அதை நம்பிக் கல்யாணம் முடித்தவர்கள், கடனில் வண்டி எடுத்தவர்கள் எல்லாம் நடுத்தெருவில் நின்றார்கள். 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. முதன்மைக் கோரிக்கையே சங்கப் பதிவுதான். நடுவில் ஊர்வலம் போக முயன்றவர்களைப் போலீஸ் பிடித்தது. அக்டோபரில் போராட்டப் பந்தலை அகற்றியது. சங்கப் பதிவு 2025 ஜனவரியில்தான் கைக்கு வந்தது. முதலாளி, சங்கம், காவல் நிலையம் ஆகிய மூன்று முனைகளுக்கும் நடுவில் நின்று பார்த்தவருக்கு, தொடரின் தடியடிக் காட்சி வெறும் சண்டைக் காட்சியாகத் தெரியாது. ரெஜினா மீதான கோபத்தில் பாதி இந்த அனுபவத்திலிருந்து வருகிறது. அந்தப் பாதியை நான் மறுக்கவே மாட்டேன்.

மறுப்பது மற்ற பாதியை.

'மங்காத்தா' நினைவிருக்கிறதா? 2011இல் வந்தது. அஜித்துக்கு 50ஆவது படம். சஸ்பெண்டான போலீஸ் அதிகாரி, கிரிக்கெட் சூதாட்டப் பணத்தைச் சுருட்டத் திட்டம் போடுகிறார், கூட இருப்பவர்களையே போட்டுத்தள்ளத் துணிகிறார். தியேட்டரில் விசில் பறந்தது. இன்றைக்கும் அந்தப் படத்தைப் போட்டால் பறக்கும். அவரும் போலீஸ், ரெஜினாவும் போலீஸ். அவர் தனக்காகச் செய்தார். ரெஜினா செய்த தவறுக்குப் பெற்ற மகனையே இழந்து நிற்கிறார். இருந்தும் விசில் அங்கே, வசை இங்கே.

பெண் என்பதால்தான் என்று சட்டென்று முடித்துவிட முடியாது. இதே ஸ்ரீயா ரெட்டி 2006இல் 'திமிரு' ஈஸ்வரியாக வந்தபோது நாம்தானே கொண்டாடினோம்? அதற்கு முன் 1999இல் 'படையப்பா' நீலாம்பரியை? பெண் முழுக்க முழுக்க வில்லியாக நின்றால் நமக்குச் சிக்கலே இல்லை. பிள்ளைக்குச் சோறு போடுகிற, புருஷனோடு குடித்தனம் நடத்துகிற, வேலைக்குப் போய்விட்டு வீடு திரும்புகிற பெண் சறுக்கினால்தான் நமக்குப் பொறுப்பதில்லை. ஈஸ்வரி நம் வீட்டுப் பெண் இல்லை. ரெஜினா நம் தெருவிலேயே இருக்கக்கூடியவர்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய வியாதியும் இல்லை. அமெரிக்காவில் 2008 முதல் 2013 வரை ஓடிய 'பிரேக்கிங் பேட்' தொடரில் போதைப்பொருள் காய்ச்சுகிற, ஆளைக் கொல்கிற வால்டர் ஒயிட்டை ரசிகர்கள் தலையில் வைத்து ஆடினார்கள். அவனைத் தட்டிக்கேட்ட மனைவி ஸ்கைலரைத்தான் வெறுத்தார்கள். வெறுப்பு முற்றி, அந்தப் பாத்திரத்தில் நடித்த ஆனா கன் மீதே பாய்ந்தது. 2013 ஆகஸ்டில் அவர் நியூயார்க் டைம்ஸில் அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். தன் உயிருக்கே மிரட்டல் வரும் அளவுக்குப் போனதை அதில் சொல்லியிருந்தார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் எம்மி விருது அவருக்குத்தான் கிடைத்தது. நடிப்பை மதிப்பிட்டவர்களின் கணக்கு வேறாக இருந்தது.

நடிப்புக்கு வருவோம். ஸ்ரீயா ரெட்டி இந்தப் பாத்திரத்தில் செய்தது பெரிய வேலை. சீருடையில் இருக்கும்போது உடம்பில் ஒரு விறைப்பு, உத்தரவில் தயக்கமே கிடையாது. மகன் விஷயம் உடையும் வரை அந்த விறைப்பு தளரவில்லை. உடைந்த பிறகும் அழுது தீர்த்து நம் இரக்கத்தைக் கேட்டு வாங்கவில்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் அவர் வேலையைப் பார்க்கிறார். வேலை பார்க்கிற முகத்தின் அடியில் துக்கம் ஓடுகிறது. தான் செய்த தவறு தெரிந்த மனுஷி, அதை வாய்விட்டுச் சொல்ல வழியில்லாமல் நிற்கும் நிலை அது. வசனமே இல்லாத இடங்களில்தான் ரெஜினா முழுசாகத் தெரிகிறார்.

அந்த இடங்களைத்தான் நம்மில் பலர் பார்ப்பதே இல்லை. வல்லம் பக்கம் ஆறு பேர் தங்கும் ஒரு ரூமில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்த இருவர் பாயில் தூங்குகிறார்கள். செகண்ட் ஷிப்டுக்குப் போக வேண்டிய இருவர், தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்துவைத்து, ஆளுக்கு ஒரு காதில் இயர்போனோடு பார்க்கிறார்கள். கம்பெனி பஸ் வருவதற்குள் எபிசோடு முடிய வேண்டும். ஸ்பீடைக் கூட்டிவிட்டார்கள். யாரும் பேசாத காட்சி வந்தால் விரல் பத்து நொடி தள்ளுகிறது, மறுபடி பத்து நொடி. தடியடி முழுசாக ஓடியது. ரெஜினாவின் மௌனம் ஓடவே இல்லை. எட்டு மணி நேரம் லைனில் நிற்கிற பிள்ளைகளிடம் நிதானமாகப் பார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் குற்றத்தை மட்டும் பார்த்துவிட்டு அதன் வலியைத் தள்ளிவிட்டால், வருகிற தீர்ப்பு கடுமையாகத்தான் இருக்கும்.

சண்முகத்தை அதே ரூமில் எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? "தலைவருன்னா அப்படித்தாண்ணே, வீட்டைப் பாக்க நேரம் ஏது?" பார்த்திபன் தன் வழக்கமான சொல் விளையாட்டையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு நடித்த பாத்திரம் அது. ஊருக்கெல்லாம் நியாயம் கேட்ட மனிதர், தன் மகள்களுக்கு நடந்ததைக் கவனிக்கவில்லை. குற்றவாளி வெளியிலிருந்து வரவில்லை, வீட்டுக்குள்ளிருந்த உறவுதான். மூத்த மகள் நந்தினியின் கோபம் முழுக்க இதில்தான் நிற்கிறது. ஐஸ்வர்யா ராஜேஷ் அந்தக் கோபத்தைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டு எட்டு எபிசோடையும் கடக்கிறார். பிள்ளையைக் கவனிக்கவில்லை என்ற அதே குற்றம் அப்பாவிடம் இருந்தால் தியாகத்தின் விலை ஆகிவிடுகிறது, அம்மாவிடம் இருந்தால் பாவம் ஆகிவிடுகிறது. ஹாஸ்டல்களில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் இதைச் சரியாகப் பிடிக்கிறார்கள். நான் பேசியவர்களில் ரெஜினாவுக்காக வாதாடியவர்கள் எல்லோரும் பெண்கள். சண்முகம் மீது கோபப்பட்டவர்களும் அவர்களே.

இரண்டாவது சீசன் 2025 பிப்ரவரி 28 அன்று வந்தது. கொலைக் குற்றத்துக்காக நந்தினி சிறையில். வழக்கறிஞர் செல்லப்பா கொலையில், நான்தான் கொன்றேன் என்று இளம்பெண்கள் ஒவ்வொருவராக வந்து நிற்கிறார்கள். விறுவிறுப்பு இருந்தது. ஆனால் பார்வையாளரை இரண்டாகப் பிரிக்கிற ஒரு ரெஜினா அதில் இல்லை. நந்தினியையும் அந்தப் பெண்களையும் மன்னிக்க நாம் முதலிலேயே தயாராகிவிடுகிறோம்.

என் கணக்கில் 'சுழல்' முதல் சீசனின் சிறந்த நடிப்பு ஸ்ரீயா ரெட்டியுடையது; பார்த்திபன் அடுத்த இடம். ரெஜினா குற்றவாளிதான். முதலாளியோடு சேர்ந்து செய்ததை மன்னிக்கச் சொல்லி யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் தாய் என்ற காரணத்துக்காகக் கூடுதல் தண்டனை கொடுக்காதீர்கள். அடுத்த வார விடுமுறையில் ஒரு தடவை, ஸ்பீடைக் கூட்டாமல், அவர் பேசாத காட்சிகளைத் தள்ளாமல் பாருங்கள்.