குற்ற நாயகனை எடைபோடுதல்: ‘புஷ்பா’ விவாதங்களின் நிறையும் குறையும்

குற்றக் கதையின் நாயகன் எந்த இடத்தில் தவறினான், அங்கே அவனுக்கு வேறு வழி இருந்ததா, அவனுடைய சரிவுக்கு யார் பொறுப்பு என்று ரசிகர்கள் கூடி வாதிடுவது இன்று வலுவாக வேரூன்றிய வழக்கம். ‘நாயகன்’ (1987) படத்தின் முடிவில், நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்கும்போது வேலு நாயக்கர் தெரியவில்லை என்கிறார். தீர்ப்புச் சொல்லும் வேலையைப் படம் பார்வையாளரிடம் விட்டுவிடுகிறது. ‘புதுப்பேட்டை’ (2006) கொக்கி குமாரைப் பற்றியும் ‘வடசென்னை’ (2018) அன்புவைப் பற்றியும் இன்றுவரை பேச்சு ஓயவில்லை. ஓடிடி வந்தபின் ஒரே காட்சியை நிறுத்தி, திரும்பப் பார்த்து, ஆதாரம் காட்டி வாதிடவும் வழி பிறந்துவிட்டது. இந்த வழக்கம் வெறும் பொழுதுபோக்கா, அறச்சிந்தனைக்கான பயிற்சியா என்பதை நிறை குறைகளோடு ஆராய ‘புஷ்பா’ படங்களைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

கதையும் களமும்

சுகுமார் இயக்கத்தில் அல்லு அர்ஜுன் நடித்த ‘புஷ்பா’வின் முதல் பாகம் 2021 டிசம்பர் 17 அன்றும், இரண்டாம் பாகம் 2024 டிசம்பர் 5 அன்றும் வெளிவந்தன. செம்மரம் வெட்டப் போகும் புஷ்பராஜ் என்னும் கூலியாள், கடத்தல் கூட்டத்தில் பங்காளியாகி, பிறகு அதன் தலைவனாவதுதான் கதை. படப்பிடிப்பின் பெரும்பகுதி ஆந்திரத்தின் மாரேடுமில்லிக் காடுகளில் நடந்தது. ஆனால் கதை நிகழ்வது சேஷாசல மலைப்பகுதியில். நாயகன் பேசுவதும் சித்தூர் வட்டாரத் தெலுங்கு. முதல் பாகத்துக்காக அல்லு அர்ஜுன் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றார்.

இந்த வட்டாரத்தின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கிறது நாகலாபுரம். 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து பிரிந்த திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் எல்லைப்பகுதி இது. திருப்பதியிலிருந்து சென்னைக்குச் செல்லும் சாலைகளில் ஒன்று புத்தூர், நாராயணவனம், பிச்சாட்டூர், நாகலாபுரம், ஊத்துக்கோட்டை வழியாகப் போகிறது. ‘புஷ்பா’வில் செம்மரத்தின் உண்மை விலை தெரியவரும் இடமும் சென்னைதான்.

செம்மரம் கற்பனைப் பொருளன்று. இயற்கையாக அது வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. சீனாவில் அறைகலன்களுக்கும் ஜப்பானில் இசைக்கருவிகளுக்கும் அதை வாங்குகிறார்கள். காட்டில் கோடரி பிடிப்பவர், சுமப்பவர், ஆள்சேர்க்கும் தரகர், லோடு வண்டிக்கு முன்னால் ‘பைலட்’ வண்டி ஓட்டுபவர், துறைமுகம்வரை கொண்டுசேர்ப்பவர் என்று பல அடுக்குகளில் இந்தக் கடத்தல் நடக்கிறது. பிடிபடுவோரில் பெரும்பாலோர் கீழடுக்கினர். இவர்களில் பலர் தமிழகத்தின் ஜவ்வாது மலை போன்ற பகுதிகளிலிருந்து கூலிக்காக அழைத்துவரப்படும் ஏழைகள். ஆகவே இந்தப் பகுதியில் புஷ்பராஜைப் பற்றிப் பேசுவது பக்கத்தில் நடப்பதைப் பற்றிப் பேசுவதாகவும் ஆகிறது.

விவாதத்தின் வலு

இத்தகைய விவாதத்தின் முதல் நன்மை, அது குற்றத்தைத் தனித்தனித் தேர்வுகளாகப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது. புஷ்பராஜ் ஒரே நாளில் கெட்டவனாகிவிடவில்லை. கூடுதல் கூலிக்காகக் காட்டுக்குள் போகிறான். போலீஸ் அடித்தும் மரம் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்க மறுக்கிறான். கூலி போதாது, பங்கு வேண்டும் என்கிறான். இடைத்தரகன் மங்கலம் சீனு கொடுக்கும் விலைக்கும் சென்னையில் கைமாறும் விலைக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறான். பிறகு கொலை வருகிறது. இந்தப் படிகளில் எதுவரை நியாயம் என்று வாதிடும் ரசிகர், சட்டப்படி குற்றம் எது, அறப்படி குற்றம் எது, பசியால் செய்தது எது, பேராசையால் செய்தது எது என்று வகைபிரிக்கப் பழகுகிறார்.

இரண்டாவது நன்மை, காரணங்களைத் தேடவைப்பது. தந்தையின் குடும்பப் பெயர் மறுக்கப்பட்டவன் புஷ்பராஜ். நிச்சயதார்த்தத்தில் அந்த அவமானம் ஊரறிய வெளிப்படுகிறது. பெயரும் சாதியும் சொத்தும் மனிதனின் மதிப்பை முடிவுசெய்யும் சமூகத்தில் இந்தக் காயத்தை விளக்க வேண்டிய தேவையே இல்லை. முதலாளியின் முன் கால்மேல் கால் போட்டு அமரும் கூலியாளைக் கண்டு அரங்கம் ஆர்ப்பரித்தது தன்மான உணர்வினால். குற்றவாளியின் பின்னாலுள்ள சமூக அநீதியைக் காணும் பார்வையை இந்த விவாதங்கள் வளர்க்கின்றன. காவல்துறைக் குறிப்பில் ஒரு பெயராகவும் வழக்கு எண்ணாகவும் மட்டும் நிற்கும் மனிதனுக்கு ஒரு தாயும் ஒரு மானமும் உண்டு என்பதை அவை நினைவூட்டுகின்றன.

மூன்றாவது நன்மை, சறுக்கும் புள்ளியைக் கண்டறியும் கூர்மை. இரண்டாம் பாகத்தில் முதலமைச்சரோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மனைவி ஸ்ரீவள்ளியின் சிறிய ஆசை. முதலமைச்சர் மறுக்க, அவரையே பதவியிலிருந்து இறக்கி வேறொருவரை அமர்த்தப் புறப்படுகிறான் புஷ்பராஜ். அதற்குப் பணம் திரட்ட முன்பு எப்போதும் செய்யாத அளவில் மரம் கடத்துகிறான். முதல் பாகத்தில் அவமானத்திலிருந்து மீள்வதற்காக எழுந்த பிடிவாதம் இங்கே அவமானம் என்று தோன்றும் எதையும் அழிக்கும் ஆணவமாகிவிடுகிறது. இந்த மாற்றத்தைச் சுட்டிக்காட்டும் ரசிகர், நல்ல இலக்கியத் திறனாய்வாளர் செய்யும் வேலையையே செய்கிறார்.

நான்காவது நன்மை, விவாதம் படைப்பையே திருத்தக்கூடியது. முதல் பாகத்தில் ஸ்ரீவள்ளி தன்னைப் பார்த்துச் சிரிப்பதற்காகப் புஷ்பராஜ் பணம் கொடுக்க வைக்கிறான். பின்னர் வேனுக்குள் அவளைத் தகாத முறையில் தொடும் ஒரு காட்சியும் இருந்தது. பார்வையாளர்களின் எதிர்ப்புக்குப் பின் அந்தப் பகுதி நீக்கப்பட்டது. நாயகன் செய்தால் காதல், வில்லன் செய்தால் அத்துமீறல் என்ற இரட்டை அளவுகோலை அன்று ரசிகர்களில் ஒரு பகுதியினர் ஏற்கவில்லை.

விவாதத்தின் குறைகள்

குறைகளில் முதன்மையானது, காயத்தை அனுமதிச் சீட்டாக மாற்றுவது. பெயர் மறுக்கப்பட்டவன் என்ற காரணம் அவனுடைய கோபத்தை விளக்கும். அடுத்தவர் உயிரை எடுக்கும் உரிமையை அது தராது. ஆனால் வாதம் சூடேறும்போது ‘அவனுக்கு நடந்ததைப் பாருங்கள்’ என்ற ஒரே பதில் எல்லாக் கேள்விகளையும் அடைத்துவிடுகிறது.

இரண்டாவது குறை, சாமர்த்தியத்தை அறமாக எண்ணுவது. மரத்தை ஆற்றில் விட்டு மீட்பதும், ஒரு காவல் நிலையத்தையே பணத்தால் காலிசெய்வதும் திறமையான காட்சிகள். அந்தத் திறமையை ரசிக்கும் மனம், அரசு ஊழியர்களை விலைக்கு வாங்குவது ஓர் ஊருக்கு என்ன செய்யும் என்று கேட்க மறந்துவிடுகிறது.

மூன்றாவது குறை, நடிகரையும் பாத்திரத்தையும் ஒன்றாக்குவது. புஷ்பராஜ் தவறு செய்தான் என்றால் அது நட்சத்திரத்தின் மீதான தாக்குதலாகக் கொள்ளப்படுகிறது. 2022 பிப்ரவரியில் தெலுங்கு அவதானி கரிகபாடி நரசிம்ம ராவ் தொலைக்காட்சியில் இப்படத்தைக் கடுமையாக விமர்சித்தார். கடத்தல்காரனை உயர்த்திக் காட்டிவிட்டு, அடுத்த பாகத்தில் திருத்திக்கொள்ளலாம் என்றால் அதற்குள் சமூகம் கெட்டுவிடாதா என்பது அவருடைய வாதம். தொடர்கதையின் ஓர் அடிப்படைச் சிக்கலை அது தொட்டது. விளைவு எப்போதும் அடுத்த பாகத்துக்குத் தள்ளிப்போடப்படுகிறது. இரண்டாம் பாகமும் மூன்றாவது ஒன்று வரும் என்ற அறிவிப்போடுதான் முடிகிறது. இந்தக் கேள்விக்கு ரசிகர்கள் விடை தேடியிருக்கலாம். பலரும் தங்கள் நாயகனைக் காப்பாற்றுவதிலேயே முனைந்தார்கள்.

நான்காவது குறை, தடுப்பவரைப் பகைவராக்குவது. இது உலகெங்கும் உள்ள நோய். வேதியியல் ஆசிரியர் போதைப்பொருள் தயாரிப்பாளராகச் சரியும் கதையைச் சொன்ன அமெரிக்கத் தொடர் ‘பிரேக்கிங் பேட்’ (2008–2013). அதில் கணவனை எதிர்த்து நின்ற ஸ்கைலர் பாத்திரத்தின் மீது ரசிகர்கள் கொட்டிய வெறுப்பு, அதை நடித்த அன்னா கன் மீதும் பாய்ந்தது. 2013இல் அவரே ஒரு நாளிதழில் அதைப் பற்றி எழுத நேர்ந்தது. கணவனின் குற்றத்தால் மிக நெருக்கமாகப் பாதிக்கப்பட்டவள் மனைவி. அவளே ரசிகர்களின் கண்ணில் கதையின் தடைக்கல் ஆனாள்.

ஐந்தாவது குறை எல்லாவற்றிலும் பெரியது: திரையில் முகம் இல்லாதவர்களைக் கணக்கில் சேர்க்காமை. 2015 ஏப்ரல் 7 அதிகாலையில் சந்திரகிரி அருகே சேஷாசலக் காட்டில் 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களைச் சேர்ந்த தமிழ்க் கூலியாட்கள். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. இறந்தவர்களின் குடும்பங்களும் மனித உரிமை அமைப்புகளும் அதை மறுத்தன. தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்டது. புஷ்பராஜ் கோடரி தூக்கிப் போன அதே வேலைக்குப் போனவர்கள்தான் அவர்கள் என்று சொல்லப்பட்டது. அவர்களில் ஒருவருக்கும் பங்கு கேட்கும் வாய்ப்பு வரவில்லை. படத்தில் அத்தகையோர் கூட்டமாக வந்து கூட்டமாகவே மறைகிறார்கள். நாயகன் ஏறிய படிகளை ஒவ்வொன்றாக எண்ணும் விவாதம், அந்தப் படிகளில் மிதிபட்டவர்களை எண்ணுவதில்லை.

பாரதக் கூத்து தரும் அளவுகோல்

பாத்திரத்தின் அறச்சரிவை ஊர்கூடி ஆராய்வது இந்த மண்ணுக்குப் புதியதல்ல. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் பல ஊர்களில் திரௌபதியம்மன், தர்மராஜர் கோயில்களில் பாரத விழா நடக்கிறது. பகலில் ஹரிகதையாகப் பாரதம் சொல்லப்படும். இரவில் விடியவிடியக் கூத்து நடக்கும். அர்ஜுனன் தபசும் துரியோதனன் வதமும் ஊர்த்திருவிழாவின் உச்சங்கள்.

அங்கே சரிவு வில்லனுக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. தர்மத்தின் பெயரையே தாங்கியவன் சூதாட உட்காருகிறான். நாட்டை, தம்பியரை, தன்னை, கடைசியில் மனைவியைப் பணயம் வைக்கிறான். எங்கே நிறுத்தியிருக்கலாம் என்று கேட்பவர் நெஞ்சு ஒவ்வோர் ஆட்டத்திலும் பதறுகிறது. ஆனால் அந்தக் கதையின் ஆழமான கேள்வியை எழுப்புபவள் திரௌபதி. தன்னை முன்பே தோற்றுவிட்டவனுக்கு மனைவியைப் பணயம் வைக்கும் உரிமை ஏது என்று சபையில் அவள் கேட்க, பெரியவர்கள் வாயடைத்துப்போகிறார்கள். ஆடியவனின் நோக்கம் என்ன, சூழ்நிலை என்ன என்ற விசாரணையை, இழந்தவளின் கேள்வி முந்திக்கொள்கிறது.

துரியோதனன் விழும்போதும் கூத்து அவனுக்கு வீரத்தை மறுப்பதில்லை. அவனுக்காக அழும் குரலும் அங்கே உண்டு. ஆனால் அவன் செய்தவற்றுக்கான விளைவை அது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுவதில்லை. இரக்கமும் தீர்ப்பும் ஒரே களத்தில் நடக்கின்றன. இன்றைய ரசிக விவாதத்தில் இரக்கம் இருக்கிறது. இழந்தவரின் கேள்வியும் உரிய நேரத்துத் தீர்ப்பும் அதில் பெரும்பாலும் இல்லை.

மதிப்பீடு

குற்ற நாயகர்களைப் பற்றிப் பேசுவதே இளைஞரைக் கெடுக்கும் என்ற அச்சம் மிகையானது. பேசாமல் பார்த்துவிட்டுப் போவதில்தான் ஆபத்து அதிகம். பேச்சு தேர்வுகளைப் பிரித்துக் காட்டுகிறது, காரணங்களைத் தேடுகிறது, சில நேரம் படத்தையே திருத்துகிறது. இந்த நன்மைகள் உண்மையானவை. அதே பேச்சு நாயகனின் வழக்கறிஞராக மட்டும் நின்றுவிட்டால் அறச்சிந்தனை அங்கே முடிந்துபோகிறது.

இதைச் சீர்செய்யப் பெரிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு விவாதத்திலும் மூன்று கேள்விகள் கேட்கப்பட்டால் போதும். இந்தத் தேர்வால் யார் எதை இழந்தார்கள்? அவர்களுக்குத் திரையில் பேச இடம் கிடைத்ததா? நாயகன் செய்த இதே செயலை நமக்குப் பிடிக்காத ஒருவன் செய்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? புஷ்பராஜின் மூன்றாம் பாகம் வரும்போது நாகலாபுரத்திலும் ஊத்துக்கோட்டையிலும் சென்னையிலும் விவாதம் மீண்டும் சூடுபிடிக்கும். அவன் எவ்வளவு உயர்ந்தான் என்பதோடு, ஜவ்வாது மலையிலிருந்து கூலிக்குப் போனவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் சேர்த்துப் பேசும் ரசிகரே முழுமையான திறனாய்வாளர்.