ஈடு என்கிற சொல்

இழப்பீடு என்றால் பணம் என்று நமக்குப் பழகிப்போயிருக்கிறது. எவ்வளவு கொடுத்தான், போதுமா போதாதா என்பதோடு நம் விவாதம் முடிந்துவிடுகிறது. எனக்கு இது முதலில் வாசிப்புப் பிரச்சினையாகவே படுகிறது. எது 'இழப்பு', யார் இழந்தவர் என்று அரசின் பிரதி முடிவு செய்த பிறகுதான் 'ஈடு' பற்றிய பேச்சே ஆரம்பிக்கிறது.

சர்தார் சரோவர் அணையை எடுத்துக்கொள்வோம். 1979இல் நர்மதை நீர்த் தகராறு தீர்ப்பாயம் தந்த தீர்ப்பு அந்தக் காலத்துக்கு முற்போக்கானதுதான். கால் பங்குக்கு மேல் நிலம் இழப்பவருக்கு நிலத்துக்கு நிலம், குறைந்தது 2 ஹெக்டேர். சரி, யார் நிலம் உள்ளவர்? பதிவேட்டில் பெயர் உள்ளவர். மலைச்சரிவில் தலைமுறைகளாக விதைத்துவந்த ஆதிவாசிகள் பலரின் வயல் அந்த ஏட்டில் வனநிலம், அவர்கள் 'ஆக்கிரமிப்பாளர்கள்'. முன்பே இருந்தவன் ஆக்கிரமிப்பாளன், பின்னால் வந்து எல்லைக்கல் நட்டவன் உடைமையாளன்! குஜராத் 1987இல் இவர்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் 2 ஹெக்டேர் என்று ஒத்துக்கொண்டது. மற்ற இரண்டு மாநிலங்களும் அந்த அளவுக்கு வரவில்லை. 1992இல் உலக வங்கி அமைத்த மோர்ஸ் குழுவின் அறிக்கையும் இந்த வரையறையின் குறுகலைத்தான் சுட்டியது.

அதே தீர்ப்பில் வயது வந்த ஒவ்வொரு மகனும் தனிக்குடும்பம். மகள்? பிரதி பேசுவதில்லை. 1961இல் அணைக் குடியிருப்புக்காக நிலம் பறிகொடுத்த கெவாடியாவும் அக்கம்பக்கத்து ஊர்களும் நீரில் மூழ்கவில்லை. ஆகவே அணையால் 'பாதிக்கப்பட்டோர்' கணக்கில் அவர்கள் சேரவில்லை. 2018இல் அந்தப் பக்கத்தில்தான் 182 மீட்டர் உயரச் சிலை எழுந்தது.

2000ஆம் ஆண்டு உச்சநீதிமன்றப் பெரும்பான்மைத் தீர்ப்பு, மறுகுடியமர்வுக்குப் பின் ஆதிவாசிகள் பழைய குடியிருப்புகளைவிட நன்றாகவே இருப்பார்கள் என்று கருதியது. அதாவது அவர்களுடைய வாழ்வே ஒரு குறைபாடு, வெளியேற்றம் அதற்கு மருந்து. வளர்ச்சி என்னும் பெருங்கதையாடல் இதைவிட வெளிப்படையாகப் பேச முடியாது.

பிறகு நிலமும் பணமாயிற்று. மத்தியப்பிரதேசம் நிலத்துக்குப் பதில் தவணையில் ரொக்கம் கொடுத்தது. போலிப் பத்திரங்கள் பெருகி, அதை விசாரிக்க நீதிபதி ஜா தலைமையில் ஆணையமே போட வேண்டிவந்தது. 2017இல் 681 குடும்பங்களுக்கு 2 ஹெக்டேருக்கு ஈடாகத் தலா 60 லட்சம் ரூபாய் என்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. தொகை பெரிசுதான். ஆனால் ஆற்றுமீனும் மேய்ச்சல்காடும் கூட்டு உழைப்பும் எந்த விலைப்பட்டியலில் வரும்? அடகுக்கும் 'ஈடு' என்றுதான் சொல்கிறோம். அடகு வைத்ததை மீட்கலாம் என்ற நம்பிக்கையாவது உண்டு.

2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் வரையறையை விரித்திருக்கிறது. நிலமில்லாமல் அதை நம்பிப் பிழைப்பவரும், வன உரிமை இழப்பவரும் அதில் வருகிறார்கள். போராட்டங்கள் ஈட்டித் தந்த விரிவு இது. ஆனால் அந்த வன உரிமை 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 'அங்கீகரிக்கப்பட்டதாக' இருக்க வேண்டும். திரும்பவும் காகிதம். கிராமப்புறத்தில் சந்தை மதிப்பைப்போல் நாலு மடங்குவரை தரலாம் என்கிறார்கள். ஏட்டில் பூஜ்யமாக இருப்பவனுக்கு நாலு மடங்கும் பூஜ்யம்தானே.

தொகையைக் கூட்டிக் கேட்பது தப்பில்லை, கேட்கத்தான் வேண்டும். அதற்கு முன்னால் வரையறைப் பிரிவை ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படிக்கச் சொல்வோம். யார் பெயர் அதில் இல்லையோ அங்கேயிருந்து பேரம் தொடங்கட்டும்.