காலாவதியாகாத அட்டை, காலாவதியாகும் கை

ஸ்கூபா பழகியவருக்குத் தரப்படும் 'ஓப்பன் வாட்டர்' அட்டையில் முடிவுத் தேதி கிடையாது. மூன்று நான்கு நாள் பயிற்சி, அதில் நான்கு முறை கடலில் இறங்குதல், அவ்வளவுதான். 18 மீட்டர் ஆழம் வரை துணையோடு இறங்கலாம் என்ற தகுதி ஆயுளுக்கும் செல்லும். அட்டையைத் தருகிற 'பேடி', 'எஸ்.எஸ்.ஐ.' போன்ற அமைப்புகளே, சில மாதங்கள் தண்ணீரைத் தொடாதவர் மறுபயிற்சி எடுத்துக்கொள்வது நல்லது என்றும் சொல்கின்றன. தகுதி நிரந்தரம், திறமை தற்காலிகம் என்று ஒரே வாய் சொல்கிறது. இது முரண்பாடா, விவேகமா? மறுபயிற்சி என்ற பெயரில் விற்கப்படுவது எதைப் புதுப்பிக்கிறது?

கடற்கரையில் குடியிருப்பவருக்கு இது அவ்வளவு அவசரமான கேள்வி அல்ல. வேப்பூர்க்காரருக்கு அவசரம். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையும் கடலூர்–சேலம் சாலையும் குறுக்கிடும் ஊர் அது. கடல் கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர். புதுச்சேரியில் பயிற்சி முடித்து ஊர் திரும்பியவர் மறுபடி எப்போது இறங்குவார்? வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடல் கலங்கிக் கிடக்கும். கடல் தெளிந்த மாதத்தில் லீவு கிடைக்க வேண்டும், காசும் சேர வேண்டும். ஓராண்டு இடைவெளி சர்வசாதாரணமாக விழுந்துவிடும்.

அந்த ஓராண்டில் எது போகும், எது நிற்கும்? பாடம் ஓரளவு நிற்கும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு, மேலே வரும்போது 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்தைப் புரட்டினால் திரும்ப வந்துவிடும். நெருக்கடியில் கை தானாகச் செய்ய வேண்டிய வேலைகள் அப்படி வருவதில்லை. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் க்ளென் எக்ஸ்ட்ராம், டேங்கின் காற்றை வாய்க்குத் தரும் ஒரே ரெகுலேட்டரில் இருவர் மாறி மாறி மூச்சிழுக்கும் பயிற்சியைச் சோதித்தார். 17 முதல் 21 முறை சரியாகச் செய்து பழகிய பிறகுதான் பிழையில்லாமல் வந்தது. மூன்று மாதம் பழகாமல் விட்டபோது அதே ஜோடிகள் மறுபடி தடுமாறின. தொடக்கப் பயிற்சியில் ஒரு பாடத்தை இரண்டு மூன்று முறை செய்துகாட்டித் தேறியவரின் நிலையை இதிலிருந்து ஊகிக்கலாம்.

மறதி பாதிச் சிக்கல்தான். புதிய பழக்கம் தளர்ந்த இடத்தில் பழைய பழக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். வேப்பூர்ப் பக்கத்து விருத்தாசலம் வட்டாரத்துப் பிள்ளைகள் நீச்சல் கற்பது வயற்கிணற்றில். மேட்டிலிருந்து குதிப்பார்கள், முங்கி அடிமண்ணை அள்ளி வருவார்கள், யார் அதிக நேரம் தம் கட்டுவது என்று பந்தயம் வைப்பார்கள். தண்ணீருக்குள் போனால் மூச்சை அடக்கு என்று உடம்புக்குப் பத்து வயதிலேயே பாடமாகிவிடுகிறது. ஸ்கூபாவின் முதல் விதியோ இதற்கு நேர் எதிர்: ஒருபோதும் தம் கட்டாதே. கிணற்றில் முங்குபவர் மேலே இழுத்த மூச்சோடு போய் அதே மூச்சோடு திரும்புகிறார். நுரையீரல் சுருங்கி, பழைய அளவுக்கு மீள்கிறது. ஸ்கூபாக்காரர் 10 மீட்டர் ஆழத்தில் டேங்கிலிருந்து மூச்சு இழுக்கிறார். அதை அடக்கியபடி மேலே வந்தால் அந்தக் காற்று இரு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்து காற்றுக்குமிழ்கள் ரத்தக்குழாயில் புகுந்து மூளைக்கு ஏறலாம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1992 முதல் 2003 வரை நேர்ந்த 947 ஸ்கூபா மரணங்களை ஆராய்ந்து, 'டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்' ஆய்வாளர்கள் 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காரணம் கண்டறிய முடிந்தவற்றில், விபத்தைத் தொடங்கிவைத்தது 41 சதவீதத்தில் காற்றுப் பற்றாக்குறை. ஆளைச் செயலிழக்கச் செய்தவற்றில் மூச்சுத்திணறல் 33 சதவீதம், ரத்தத்தில் காற்றுக்குமிழ் 29, இதயக் கோளாறு 26. மறுபயிற்சி எடுக்காததால் இவர்கள் இறந்தார்கள் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. அப்படி வாசிப்பது நேர்மையும் அல்ல. ஆனால் எந்தத் திறமை உயிரைக் காக்கும் என்று வரிசைப்படுத்தித் தருகிறது. ஒரு மறுபயிற்சியை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

சந்தையில் உள்ள வழிகள் மூன்று. முதலாவது இணையவழிப் பாடம். மலிவானது, வேப்பூரிலிருந்தே முடிக்கலாம். காற்றுக் கணக்கை நினைவூட்ட இது போதும். 12 லிட்டர் டேங்கில் 200 பார் காற்று. 50 பாரை இருப்பாக ஒதுக்கினால் மிச்சம் 1,800 லிட்டர். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சிழுப்பவருக்கு 20 மீட்டர் ஆழத்தில் 60 லிட்டர் வேண்டும். அரை மணி நேரம் வரும். பதற்றத்தில் மேலே 30 லிட்டர் இழுப்பவராக இருந்தால் இருபதே நிமிடம். இந்தக் கணக்கைத் திரையில் போடலாம், பதற்றத்தைத் திரை குறைக்காது. துணைப்பாடமாக ஏற்கலாம், மறுபயிற்சி என்று அழைக்க முடியாது.

இரண்டாவது, வழிகாட்டியோடு நேரே கடலில் இறங்கிவிடுவது. பலரும் தேர்வது இதைத்தான். காசு கொடுத்தால் மீனையாவது பார்க்கலாமே என்ற நியாயம். ஆனால் நல்ல வழிகாட்டி, மிதப்பைக் கட்டுப்படுத்தும் உடுப்பான பிசிடியில் காற்றைத் தானே சரிசெய்வார், மீட்டரைத் தானே பார்ப்பார், ஆளைக் கையைப் பிடித்து இழுத்துப்போவார். இறங்கியவரின் ஓட்டைகள் அவர் தயவில் மறைந்துவிடும். சுகமான அனுபவம், சோதனையாக மதிப்பில்லாதது.

மூன்றாவது, நீச்சல் குளத்தில் அரை நாள். மாஸ்கைக் கழற்றி மாட்டுவது, வாயிலிருந்து விழுந்த ரெகுலேட்டரைத் தேடிப் பிடிப்பது, துணையின் மாற்று ரெகுலேட்டரில் மூச்சிழுப்பது, காற்றை விட்டுக்கொண்டே மேலேறுவது ஆகியவற்றைக் கையால் செய்ய இதுவே இடம். இதிலும் இரண்டு குறைகள். ஒவ்வொன்றையும் ஒருமுறை செய்துவிட்டுக் கட்டத்தில் டிக் அடிப்பது சடங்கு. எக்ஸ்ட்ராம் கண்டது இதற்கு எதிரான பாடம். அடுத்து, குளம் நல்ல தண்ணீர். ஆளும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால் உப்புநீரில் மூழ்க ஏறக்குறைய இரண்டரைக் கிலோ ஈயம் கூடுதலாகக் கட்ட வேண்டும். குளத்தில் பார்த்த எடைக் கணக்கைக் கடலுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது.

இடைவெளியில் பழக்கத்தைக் காப்பதற்குத் தூத்துக்குடிக் கடலோரத்துக் குளியாட்களிடம் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. அங்கே முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்ததல்ல. சிப்பி விளையாத ஆண்டுகள் தொடர்ந்து வரும். முத்துக்குளிப்பின் கடைசித் தொடர் 1955இல் தொடங்கி 1961இல் முடிந்தது. குளிப்பு நடக்காத ஆண்டுகளில் அவர்கள் சங்கு எடுத்தார்கள். முத்து இல்லாதபோதும் கடல் பழக்கம் அறுந்துபோகவில்லை. பெரிய வேலைக்கான திறமையை, எப்போதும் கிடைக்கும் சிறிய வேலை காத்தது.

உள்நாட்டுக்காரருக்கு அந்தச் சிறிய வேலை, ஆழமில்லாத தண்ணீரில் மாஸ்க் இல்லாமல் ஸ்நார்க்கெலில் மூச்சிழுத்தபடி மிதப்பது. மூக்கில் தண்ணீர் பட்டாலும் வாயால் மூச்சு ஓடும் என்று உடம்பு நம்ப இது போதும். கரையில் ஓர் ஆள் வேண்டும். தம் கட்டும் பந்தயம் கூடவே கூடாது: அது தவறான பழக்கத்துக்கு உரம் போடும், தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பவும் வைக்கும்.

அப்படியானால் அட்டைக்கு முடிவுத் தேதி போட்டுவிடலாமா? அமெரிக்க இதயச் சங்கத்தின் உயிர்காப்புச் சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். ஆனால் நெஞ்சை அழுத்தும் திறமை சில மாதங்களிலேயே குறைகிறது என்பதை அந்தச் சங்கமே ஒப்புக்கொள்கிறது. தேதி அச்சிட்டதால் கை பழகிவிடுவதில்லை. புதுப்பிக்கும் கட்டணம் கூடும், அவ்வளவே. ஆயுள் அட்டை இருக்கட்டும். அது ஒருகாலத்தில் கற்றதற்கான அத்தாட்சி, இன்று இறங்கலாம் என்ற அனுமதி அல்ல. அனுமதியை, இறக்கங்களைக் குறித்துவைக்கும் லாக் புக்கில் உள்ள கடைசித் தேதி சொல்லட்டும்.

ஆறு மாதம் தாண்டினால் குளப் பயிற்சி வேண்டும் என்பது என் முடிவு, நான்கு நிபந்தனைகளோடு. தொடங்குமுன் மருத்துவக் கேள்வித்தாளை உண்மையாக நிரப்ப வேண்டும். இதயக் கோளாறை எந்தக் குளமும் சரிசெய்யாது. உயிர்காக்கும் பயிற்சிகளைப் பிழையில்லாமல் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஈயத்தின் எடையைக் கடலிலேயே சரிபார்க்க வேண்டும். முதல் இறக்கம் 10 மீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த நான்கையும் ஏற்காத பயிற்சி மையத்துக்கு வேப்பூரிலிருந்து பஸ் ஏறுவது வீண்.