கணக்குப் போட்ட பிறகு

ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட அமெரிக்கக் குடும்ப மருத்துவருக்குச் சில நிமிடங்கள் போதும். மிட்செல் கெயிலும் சகாக்களும் 1989இல் வெளியிட்ட முறை, அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வயது, பூப்பெய்திய வயது, முதல் குழந்தை பெற்ற வயது, தாய், சகோதரி, மகள் இவர்களில் எத்தனை பேருக்கு நோய், எத்தனை முறை பயாப்சி, எந்த இனம். அடுத்த ஐந்தாண்டுக்கான வாய்ப்பு சதவீதத்தில் வந்துவிடும்.

இந்த எளிமையால்தான் அது மருத்துவரின் மேசைவரை வந்தது. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்ற கேள்வியாவது கட்டாயம் கேட்கப்படுகிறது. ஆனால் கேட்கும் விதம் குறுகலானது. அப்பாவின் அக்காவுக்கு வந்த நோய் கணக்கில் ஏறாது. சினைப்பைப் புற்றுநோயும் ஏறாது. இவ்விரு நோய்களின் வாய்ப்பையும் கூட்டும் பிஆர்சிஏ மரபணுக் கோளாறோ தாய்வழியைப் போலவே தந்தைவழியிலும் இறங்கும். அம்மாவுக்கு 38 வயதில் வந்ததா, 78இல் வந்ததா என்ற வேறுபாடும் இல்லை. டைரர்-குசிக் என்ற இன்னொரு கணிப்பு முறை இவற்றையெல்லாம் விசாரிக்கிறது; அதற்குத் தேவையான நேரம் குடும்ப மருத்துவரிடம் இல்லை. நம் பெண்கள் அமெரிக்காவில் இந்தக் கணக்கைப் போட்டால் 'பிற ஆசியர்' என்ற கட்டத்தில்தான் விழுவார்கள். அந்த ஆசியக் கணக்குக்கு அடிப்படையான ஆய்வு சீன, ஜப்பானிய, பிலிப்பைன் வழிப் பெண்களிடம் நடந்தது.

2001இல் செவிலியர் உடல்நல ஆய்வின் தரவை வைத்துக் கெயில் முறையைச் சோதித்தார்கள். மொத்தம் எத்தனை பேருக்கு நோய் வரும் என்பதை ஏறக்குறையச் சரியாகச் சொன்னது. யாருக்கு என்பதில்தான் தடுமாற்றம். நோய் வந்த ஒருவர், வராத ஒருவர் என்று இணைத்துப் பார்த்தால், நூற்றுக்கு 58 இணைகளில்தான் வந்தவருக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்திருந்தது. காசு சுண்டினாலே 50 கிடைக்கும். மருத்துவர் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணோ தன்னைப் பற்றித்தான் கேட்கிறார்.

1.67 சதவீதம் என்ற எல்லைக்கோட்டின் கதையும் விசித்திரம். சராசரி 60 வயதுப் பெண்ணின் ஐந்தாண்டு வாய்ப்பு அது. டமாக்ஸிஃபென் மாத்திரை இந்நோயைத் தடுக்குமா என்று பார்த்த சோதனையில் யாரைச் சேர்ப்பது என்பதற்காக வகுத்த அளவு, பிறகு 'அதிக ஆபத்து' என்பதன் இலக்கணமாகவே ஆகிவிட்டது. இதனால் 60 தாண்டிய ஏராளமானோர் வயதாலேயே உள்ளே வந்துவிடுகிறார்கள். மாத்திரையால் தீமையைவிட நன்மை மிகுவது பெரும்பாலும் 3 சதவீதத்துக்கு மேல்தான் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு கருதுகிறது.

அந்த டமாக்ஸிஃபென் சோதனையின் முடிவு 1998இல் வந்தது. 13,388 பெண்கள். நோய் பாதியாகக் குறைந்தது என்ற செய்திதான் பரவியது. 69 மாதங்களில் ஆயிரத்துக்கு 43 என்பது 22 ஆனது என்று சொன்னால் அதே செய்தி வேறு முகம் காட்டும்: ஆயிரத்தில் 21 பேர் தப்பினார்கள், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயும் இரத்தக் கட்டும் சிலருக்குக் கூடின. உயிரிழப்பு குறைந்ததாக நிறுவப்படவில்லை.

தகுதியுள்ளவர்களுக்குக்கூட மருத்துவர்கள் மருந்து எழுதுவதில்லை என்பது நெடுநாள் குறை. அதில் பாதிதான் நியாயம் என்பேன். இத்தனை நெளிவுள்ள கணக்கை நோயில்லாத பெண்ணிடம் பேசத் தயங்குவது சோம்பல் ஆகாது. ஆனால் 'அது புற்றுநோய் மருத்துவர் கொடுக்கிற மருந்து' என்று ஒதுங்குவதை ஏற்க முடியாது. நோய் வந்த பிறகுதானே பெரும்பாலானோர் அந்த மருத்துவரையே பார்க்கிறார்கள்! எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த வழியைச் சொல்லாமல் அனுப்பினால், கவலையை மட்டும் கையில் கொடுத்தது போலாகும்.

கணிப்பானை மேலும் கூர்மையாக்குவதைவிட, மருந்தின் சுமையைக் குறைப்பதே இந்தப் பேச்சை எளிதாக்கும் என்று படுகிறது. 2019இல் வெளியான இத்தாலிய ஆய்வில், மார்பகத்தில் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் கொண்ட 500 பெண்களில் ஒரு பாதிக்கு டமாக்ஸிஃபெனை, வழக்கமான 20 மில்லிகிராமுக்குப் பதில் 5 மட்டும், ஐந்தாண்டுக்குப் பதில் மூன்றாண்டு கொடுத்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 28 பேருக்கு நோய் வந்தது. மருந்து எடுத்தவர்களில் 14 பேருக்கு. மாத்திரை 10 மில்லிகிராமில் கிடைப்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கச் சொல்கிறார்கள்.