கேடட்டுக்கு ஏன் கோபம் வருவதில்லை?

லவ்டேலில் மழை பிடித்தால் கரண்ட் பாதி நாள் இருக்காது. இருந்த பாதியில் நான் பார்த்தது 'டக் டாட்ஜர்ஸ்'. சக் ஜோன்ஸ் 1953இல் எடுத்த ஏழு நிமிடக் கார்ட்டூனை 2003இல் தொடராக்கினார்கள். நாயகன் டாஃபி டக். முன்னூறு வருஷத்துக்கு மேல் உறைந்து கிடந்து, 24½ஆம் நூற்றாண்டில் கண்விழிக்கிறான். தன்னை மாவீரன் என்கிறான், நம்பிவிடுகிறார்கள். நிஜத்தில் அவன் ஃபுட்பால் டீமுக்குத் தண்ணி தூக்கியவன்.

டாட்ஜர்ஸ் சொதப்புவான். திக்கித் திக்கிப் பேசும் கேடட் போர்க்கி பிக் அதைச் சரிசெய்வான். பேர் டாட்ஜர்ஸுக்கு. சின்ன வயசில் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது திரும்பப் பார்க்கும்போது சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

அப்பா தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். ராத்திரி முழுக்க ரோலரைப் பிரித்து மாட்டுவார். காலையில் பாராட்டு துரைக்குப் போகும். "துரை நல்ல மனுஷன்டா" என்பார், நிஜமாகவே நம்பி.

டாட்ஜர்ஸின் கோமாளித்தனம் கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடும். தொடரைத் தூக்கி நிறுத்துவது அவனை மனசார நம்பும் கேடட்தான். அதன் குறையும் அங்கேதான் இருக்கிறது. அந்த விசுவாசம் எப்போதும் ஜோக்காகவே முடிகிறது. அவனுக்கு அது வலிக்குமா என்று யோசிப்பதற்குள் அடுத்த ஜோக் வந்துவிடுகிறது.

அப்பாவிடம் நானும் கேட்டதில்லை.